அங்காளியின் சந்நிதியில்: செஞ்சி வட்டாரத்து வழிபாடும் எளியோரின் எதிர்ப்பும்

செஞ்சிக் கோட்டையைப் பற்றி எழுதப் புகுந்த சரித்திர ஆசிரியர்கள் பெரும்பாலும் அதை ஆண்டவர்களின் வரிசையைச் சொல்லியே தம் கடமையை முடித்துக்கொண்டார்கள். கோனார் மரபினர், விஜயநகரத்தின் பிரதிநிதிகளாக அமர்ந்த நாயக்கர்கள், பிஜப்பூர்ச் சுல்தானின் தளபதிகள், 1677இல் சிவாஜி, 1698இல் மொகலாயர், 1714இல் நவாபின் சேனையோடு பொருது மடிந்த தேசிங்கு, 1750இல் பிரெஞ்சுக்காரர், 1761இல் ஆங்கிலேயர் என்று ஒருவர்பின் ஒருவராக வந்து போனவர்களின் பெயர்களே அந்தப் பாறைகளோடு சேர்த்து நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றன. 2025ஆம் ஆண்டு ஜூலையில், மராட்டியரின் இராணுவக் கோட்டைகளுள் ஒன்று என்ற முறையில், யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆயினும் இன்று ராஜகிரியின்மீது ராஜா இல்லை. கமலக்கண்ணி அம்மன் இருக்கிறாள். அவளுக்கு ஆண்டுதோறும் விழா எடுப்பவர்கள் எந்த ராஜவம்சத்தின் வாரிசுகளும் அல்லர், சுற்றுப்புறத்துக் குடியானவர்களே. அங்கிருந்து வடக்கே ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தொலைவில், மேல்மலையனூர் என்னும் ஊரில், மாதந்தோறும் அமாவாசை நள்ளிரவில் அங்காளபரமேசுவரியின் ஊஞ்சல் உற்சவத்தைக் காணத் திரளும் ஜனசமுத்திரத்தை அந்தக் கோட்டை தன் நாளில் ஒருமுறையேனும் கண்டிருக்குமா என்பது சந்தேகமே.

அரசாங்கங்களும் ஆதீனங்களும் கல்விமான்களும் பொருட்படுத்தாமல் விட்ட இந்த வழிபாடுகளில், ஒடுக்கப்பட்ட மனிதன் தன் அன்றாட வாழ்வின் காயங்களுக்கு மருந்து தேடுகிறானா, அல்லது அந்தக் காயங்களை உண்டாக்கியவர்களுக்கு எதிராகத் தன் குரலை எழுப்புகிறானா, அல்லது இரண்டையும் ஒரே செயலில் செய்கிறானா என்பதே இக்கட்டுரை ஆராயப் புகும் வினா. உலகின் வேறு பாகங்களில் இவ்வினா ஏற்கெனவே முதன்மை பெற்றுவிட்டது. கனடா தேசத்து மேற்குக் கடற்கரையின் ஆதிக்குடிகள் தம் செல்வத்தை ஊராருக்கு வாரி வழங்கும் பொட்லாட்ச் என்ற சடங்கை அந்நாட்டு அரசு 1885 முதல் 1951 வரை சட்டத்தால் தடுத்து வைத்திருந்தது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பழங்குடியினர் தம் சமயச் சடங்குகளைக் காப்பதற்கென்று ஒரு தனிச் சட்டத்தை 1978இல்தான் காண முடிந்தது. ஆகவே அங்கெல்லாம் பாட்டன் ஆடிய ஆட்டத்தைப் பேரன் மீண்டும் ஆடுவதே ஒரு போராட்டமாகவும், குடியிலும் துயரத்திலும் சிதைந்துபோன சமுதாயத்துக்கு ஒரு சிகிச்சையாகவும் கருதப்படுகிறது.

நம் நாட்டில் நிலைமை சற்று வேறு. அங்கே வெற்றிகொண்ட அந்நியனின் சட்டம் தடுத்தது. இங்கே பெரும்பாலும் பக்கத்துத் தெருக்காரனின் அருவருப்பே தடுத்தது. கால்டுவெல் பாதிரியார் 1849இல் திருநெல்வேலிச் சீமையின் வழிபாடுகளைப் பேய் வணக்கம் என்று வருணித்தார். அத்தியட்சர் ஒயிட்ஹெட் 1916இல் வெளியிட்ட தென்னிந்தியக் கிராம தேவதைகளைப் பற்றிய நூலில் விவரங்களை நேர்மையாகவே திரட்டித் தந்தாலும், அவை மறைந்துபோவதே நலம் என்ற எண்ணத்தோடுதான் திரட்டினார். பாதிரிமார்கள் அப்படி எண்ணியதில் வியப்பில்லை. நம் சைவப் புலவர்களும் வேதாந்திகளும் சீர்திருத்தக்காரர்களும், ஒருவரோடொருவர் வேறெதிலும் ஒத்துப்போகாதவர்களாயிருந்தும், இந்த ஒரு விஷயத்தில் அவர்களோடு கைகோத்து நின்றதுதான் வியப்பு. பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் ஒன்று 1950 முதலே நம் மாகாணத்தில் ஏட்டளவில் இருந்தது. 2003 ஆகஸ்டில் அதை உண்மையாகவே நடைமுறைப்படுத்த அரசு ஆணையிட்டபோதுதான், தங்கள் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டுவதைக் குற்றமென்று ஓர் அரசு சொல்லக்கூடும் என்பதைக் கிராமத்து ஜனங்கள் முதன்முறையாக உணர்ந்தார்கள். சில மாதங்களுக்குள்ளாகவே, 2004இன் தொடக்கத்தில், அந்தச் சட்டம் திரும்பப் பெறப்பட்டது. அதற்குத் தேர்தல் கணக்கே காரணம் என்பாருண்டு. தேர்தல் கணக்கில் ஏறும் அளவுக்குக் குலதெய்வத்தின்மீது பற்றுடையோர் இந்நாட்டில் இருக்கிறார்கள் என்பதும் அதனாலேயே நிரூபணமாகிறது.

இனி, மலையனூரின் ஐதீகத்தைப் பார்ப்போம். பிரமனின் ஐந்தாவது தலையைச் சிவபெருமான் கிள்ளி எறிய, அந்தக் கபாலம் அவர் கையிலேயே ஒட்டிக்கொள்கிறது. அவர் ஏந்தும் பிச்சை முழுவதையும் அதுவே தின்றுவிடுகிறது. உலகநாதர் பசியோடு மயானந்தோறும் பித்தராய்த் திரிகிறார். மறுபுறம் பார்வதியோ சரசுவதியின் சாபத்தால் அழகிழந்து, கோர ரூபம் எய்தி, காடுமேடெல்லாம் அலைந்து, மலையனூரில் ஒரு புற்றுக்குள் புகுந்து அமர்கிறாள். அங்கிருந்து அவளை அகற்ற முனைந்த அரசன் தோற்றுப் பணிந்தான் என்றும், அவளுக்குக் காவலாக நின்று முதல் பூசையைச் செய்தவன் ஒரு மீனவன் என்றும் கதை விரிகிறது. பின்னர் அமாவாசையன்று சிவன் அங்கு வர, தேவி சோற்றைக் கவளம் கவளமாகக் கபாலத்தில் இட்டு, கடைசிக் கவளத்தை மயானத்தில் இறைத்துவிடுகிறாள். ருசி கண்ட கபாலம் கையைவிட்டு இறங்கி அதைப் பொறுக்கப் போக, அவள் விசுவரூபமெடுத்து அதைத் தன் காலால் மிதித்து அடக்குகிறாள். பித்தம் தெளிந்த சிவன் தன் வழியே போகிறார். அவளோ அதே ஊரில் தங்கிவிடுகிறாள்.

இந்தக் கதையின் அமைப்பை ஊன்றிக் கவனிக்க வேண்டும். நோயாளியானவர் சர்வேசுவரனாகிய சிவன். வைத்தியச்சியாவது சபிக்கப்பட்டு விகாரமான ஒரு பெண். அவள் தன் அழகைத் திரும்பப் பெற்ற பிறகு வைத்தியம் செய்யவில்லை. அலைச்சலிலும் அவமானத்திலும் அவளுக்கு வந்து சேர்ந்த உக்கிரமே மருந்தாகப் பயன்படுகிறது. அவள் குடியிருப்பது கல்லால் கட்டிய கருவறையில் அன்று, மண்புற்றில். அந்தப் புற்றுமண்ணே இன்றும் அங்கே பிரசாதம். நோயாளிகள் அதை நெற்றியிலும் உடம்பிலும் பூசிக்கொள்கிறார்கள். மாசி மாதத்தில் சிவராத்திரிக்கு மறுநாள் மயானக் கொள்ளை நடக்கும்போது, காய்கறியும் தானியமும் சுண்டலும் சில்லறைக் காசும் சுடுகாட்டில் வாரி இறைக்கப்பட, ஜனங்கள் அவற்றைப் பாய்ந்து கொள்ளையிட்டு வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். வயலில் இட்டால் விளைச்சல் பெருகும் என்பது ஒரு நம்பிக்கை. பிள்ளையில்லாதவள் உண்டால் வயிறு திறக்கும் என்பது மற்றொன்று. சாவின் எல்லைக்குள்ளிருந்து வாழ்வைப் பறித்துக்கொண்டு வருகிற இந்தக் காட்சியில் அசுத்தம் என்று ஒதுக்கப்படுவது எதுவுமே இல்லை. சுடுகாட்டின் சாம்பலும் இங்கே தீட்டு ஆகாது.

இத்தலத்தில் வழிவழியாகப் பூசைசெய்யும் உரிமை பருவதராஜகுலத்தார் எனப்படும் செம்படவர்க்கு உரியது. 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தென்னிந்தியச் சாதிகளும் குடிகளும் பற்றிய பெருந்தொகுதியும் அவர்களுக்கும் அங்காளம்மைக்கும் உள்ள பந்தத்தை விரிவாகவே குறிப்பிடுகிறது. ஏரிகளிலும் குளங்களிலும் மீன்பிடித்து வாழ்ந்த ஒரு சமூகம், தான் பர்வதராஜனின் வழியில் வந்ததென்றும், ஆகவே பார்வதி தன் வீட்டுப் பெண் என்றும் சொல்லிக்கொள்வதை வெறும் பெருமைப் பேச்சு என்று தள்ளிவிடலாகாது. ஸ்ரீநிவாஸ் என்ற சமூகவியல் அறிஞர் 1952இல் கூர்க்கரைப் பற்றி எழுதிய நூலில், கீழ்ச்சாதியார் மேல்சாதியாரின் ஆசாரங்களைக் கைக்கொண்டு மேலேறும் போக்கை விளக்கிக் காட்டினார். மலையனூரில் அந்தப் போக்கின் ஒரு பாதிதான் நடந்திருக்கிறது. புராணத்தை ஏற்றுக்கொண்டார்கள், பூசையை விட்டுக்கொடுக்கவில்லை. அறநிலையத்துறையின் நிர்வாகம் வந்த பின்னும், இத்தனை வருமானமுள்ள ஒரு கோயிலின் கருவறை உரிமையை அவர்கள் இழக்கவில்லை என்பது தமிழ்நாட்டுக் கோயில் வரலாற்றில் சாதாரணச் செய்தி அன்று.

இத்தலத்தையும் இவ்வட்டாரத்தையும் முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் வெளிநாட்டாரே என்பது நமக்குப் பெருமை தராத உண்மை. எவலின் மேயர் என்ற அம்மையார் அங்காளபரமேசுவரியின் கதைகளையும் வழிபாட்டையும் பற்றி 1986இல் ஒரு முழுநூல் வெளியிட்டார். ஆல்ஃப் ஹில்டபைட்டல் 1988இல் தொடங்கி வெளியிட்ட தொகுதிகளில், திரௌபதி வழிபாட்டின் மூலஸ்தானம் செஞ்சியை அடுத்த மேலச்சேரிப் பகுதியே என்று நிறுவ முயன்றார். இஸபெல் நபகோவ் இவ்வட்டாரத்துப் பூசாரிகளோடும் பம்பைக்காரர்களோடும் பழகி, 2000இல் தம் நூலை வெளியிட்டார். தமிழில் பேராசிரியர் நா. வானமாமலை 1967இல் நெல்லை ஆய்வுக்குழுவைத் தொடங்கி நாட்டார் வழக்காறுகளைச் சமூக வரலாறாகப் படிக்க வழிகாட்டினார், தொ. பரமசிவன் அழகர் கோயிலைப் பற்றிய தம் ஆய்வில் அந்த வழியைத் தொடர்ந்தார். ஆயினும் அவர்களுடைய கவனம் பெரிதும் தென்மாவட்டங்களையே சார்ந்திருந்தமையால், தென்னார்க்காட்டின் புற்றுகளும் படுகளங்களும் தமிழ் வாசகருக்கு அதிகம் அறிமுகமாகாமலே நின்றுவிட்டன.

மலையனூரின் பெயரைக் கேட்டதும் பலர்க்கு முதலில் நினைவுக்கு வருவது பேயோட்டுதல். இதைப் பற்றித்தான் அபிப்பிராய பேதமும் மிகுதி. திடீரென்று பேச்சற்றுப்போன, உணவு கொள்ளாத, கணவனை அண்டவிடாத இளம்பெண் ஒருத்தியை அவள் வீட்டார் அழைத்து வருகிறார்கள். பம்பையும் சிலம்பும் உடுக்கையும் முழங்க, பூசாரி பாட்டெடுக்க, வேப்பிலையின் நடுவே அவள் ஆடத் தொடங்குகிறாள். பிறகு கேள்விகள்: நீ யார், எந்த ஊர், எப்படிச் செத்தாய், இவளை எங்கே பிடித்தாய், ஏன் பிடித்தாய், உனக்கு என்ன வேண்டும்? பதில் உடனே வருவதில்லை. மணிக்கணக்கில் கெஞ்சியும் மிரட்டியும் பரிகசித்தும் வரவழைக்கிறார்கள். வருகிற பேய் பெரும்பாலும் அகால மரணமடைந்த இளைஞன், கல்யாணமாகாதவன், தூக்கிலோ கிணற்றிலோ உயிரை மாய்த்துக்கொண்டவன். அவன் போவதற்கு ஒப்புக்கொண்டதும், அவள் உச்சிமயிரில் ஒரு கற்றையை முடிந்து, ஒரு கல்லைச் சுமக்க வைத்துப் புளியமரம்வரை ஓடச்செய்து, அந்த மயிர்க்கற்றையை அறுத்து மரத்தில் ஆணியடித்துவிடுகிறார்கள்.

இதற்கு அறிஞர்கள் உரைக்கும் பொருள் இரண்டு விதம். லூயிஸ் என்ற பிரிட்டிஷ் மானிடவியலாளர் 1971இல் எழுதியபடி, ஆவி பிடித்தல் என்பது நேரே பேச வழியில்லாத பெண்கள் சுற்றுவழியில் நீதி கேட்கும் உபாயம். மனைவியாகப் பேச முடியாததை அவள் பேயாகப் பேசுகிறாள். நபகோவோ, தாம் இதே செஞ்சி வட்டாரத்தில் கண்டவற்றைக்கொண்டு அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார்: அந்தப் பெண்ணின் வாயிலிருந்து அவளுடைய ஏக்கத்தைக் கறந்து, அதை அந்நியமான ஒரு பேயின் ஆசை என்று ஒப்புக்கொள்ளச் செய்து, அறுத்து மரத்தில் அறைந்துவிட்டு, பழைய மனைவியாகவே அவளை வீட்டுக்கு அனுப்பிவைக்கும் நிர்ப்பந்தமே இச்சடங்கு என்பது அவர் கருத்து. அவர் நூலின் தலைப்பே இவ்வகைச் சமயத்தை ஒருவரின் தன்மைக்கு எதிரானதாகக் காட்டுகிறது.

இந்த இரண்டினுள் எதை ஏற்பது? சடங்கின் முடிவை மட்டும் பார்த்தால் நபகோவ் சொல்வதை மறுக்க முடியாது. சவுக்கடியும் உண்டு, அவமானமும் உண்டு. அவள் திரும்பிப் போவது அதே மாமியார் வீட்டுக்குத்தான். ஆனால் முடிவைப் போலவே நடுப்பகுதியும் சடங்கின் அங்கமே. ஒரு பெண் தன் வாழ்நாளில் வேறெந்த நாளிலும் பெறாத ஒன்றை அங்கே பெறுகிறாள். கணவனும் மாமியாரும் தம்பியும் நாத்தனாரும் வண்டி பிடித்து, செலவு செய்து, இரவு முழுவதும் விழித்திருந்து, அவள் வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சொல்லையும் உற்றுக் கேட்கிறார்கள். அவள் என்ன சொன்னாலும் பழி பேயைச் சாரும், அவளைச் சாராது. பிறந்த வீட்டார் சீர் கொடுக்கவில்லை என்று குத்திக்காட்டியவர்களும், குழந்தையில்லை என்று இரண்டாம் தாரம் பேசியவர்களும் அந்த இரவுக்குப் பின் சிறிது காலமாவது வாயடைத்துப் போகிறார்கள். இது விடுதலை அன்று, ஆனால் அவகாசம். அவகாசத்தின் அருமை அது கிடைக்காதவர்களுக்குத்தான் தெரியும்.

ஜேம்ஸ் ஸ்காட் என்ற அறிஞர் மலேசியாவின் கெடா மாநிலத்து நெல் விவசாயிகளோடு வாழ்ந்து 1985இல் எழுதிய நூலில், எளியவர்கள் கொடிபிடித்துக் கிளர்ந்தெழுவது அபூர்வம், வேலையில் சுணங்குதல், தெரியாததுபோல் நடித்தல், புறம்பேசுதல் என்னும் சிறிய ஆயுதங்களாலேயே அவர்கள் அன்றாடம் எதிர்த்து நிற்கிறார்கள் என்று காட்டினார். நம் ஊரில் அந்தப் பட்டியலில் சாமியாடுவதையும் சேர்க்க வேண்டும். நடவு நட்டுக் கூலிபெறும் ஒருத்தியின்மேல் அம்மன் வந்து இறங்கிவிட்டால், அந்த ஒரு நாழிகை அவள் பண்ணையாரையும் ஏகவசனத்தில் அழைக்கலாம்; அவர் கையைக் கட்டிக்கொண்டு தாயே என்று நின்றாக வேண்டும். மறுநாள் காலையில் அவள் மீண்டும் சேற்றில் இறங்குகிறாள் என்பதும் உண்மைதான்.

பேயோட்டுதலைக் காட்டிலும் ஆழமான சிகிச்சை என்று நான் கருதுவது இவ்வட்டாரத்தில் பூவாடைக்காரிக்குச் செய்யும் பூசையை. இதைப் பற்றிப் பேசுவோர் குறைவு. சுமங்கலியாக மாண்ட பெண்ணையும், சில வேளைகளில் அகாலத்தில் இறந்த பிள்ளைகளையும் பூவாடைக்காரியாக, வீட்டுத் தெய்வமாக, அழைத்து வைப்பது வழக்கம். குடும்பத்தில் கல்யாணம் நிச்சயமானதும், அல்லது காரணம் தெரியாத கஷ்டங்கள் தொடர்ந்து வந்ததும், பம்பைக்காரர்களை அழைத்துக்கொண்டு நீர்நிலைக்குப் போய், கலசம் வைத்து, இறந்தவளைப் பேர்சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பாட்டு ஏற ஏற உறவினருள் யாரோ ஒருவர்மீது அவள் வந்து இறங்குகிறாள். ஏன் இத்தனை நாள் என்னை நினைக்கவில்லை என்று அழுகிறாள். சாகும் சமயத்தில் மனத்தில் தங்கிப்போன குறைகளைச் சொல்லுகிறாள். மன்னிப்புக் கேட்பவரை மன்னிக்கிறாள். பின் அவளைக் கலசத்தில் ஏற்றி மேளதாளத்தோடு வீட்டுக்கு அழைத்துவந்து, புடவையும் பூவும் வைத்துப் படைக்கிறார்கள். சீமந்தத்துக்கு முன்பே போன மகளைக் கல்யாண வீட்டுக்கு முதல் விருந்தாளியாக அழைத்துவிடும் இந்தச் சடங்கில் யாருக்கும் அடி இல்லை, ஆணி இல்லை. துக்கத்தை மறந்துவிடு என்று உபதேசிக்கும் ஞானமார்க்கங்கள் பல உண்டு. துக்கத்துக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கிக் கொடுக்கும் மார்க்கம் இது.

இவை உண்மையிலேயே நோயைத் தீர்க்கின்றனவா என்று கேட்பவர்க்கு, ஓரளவு விஞ்ஞான ரீதியான விடையும் உண்டு. ரகுராம் முதலிய மனநல மருத்துவர்கள், தமிழ்நாட்டுக் கோயில் ஒன்றில் தங்கியிருந்த கடுமையான மனநோயாளிகள் 31 பேரை வந்த நாளிலும் போகும் நாளிலும் பரிசோதித்து, அதன் முடிவை 2002இல் பிரிட்டிஷ் மருத்துவச் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சராசரியாக ஆறு வாரம் தங்கிய அவர்களுடைய நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. விசேஷச் சடங்கு எதுவும் அவர்களுக்குச் செய்யப்படவில்லை. பயமின்றித் தங்க ஓர் இடமும், உடனிருக்க உறவினரும், தினந்தோறும் சிறு கோயில் வேலையும் இருந்தன, அவ்வளவே. இதற்கு முந்திய ஆண்டில், 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள், ஏர்வாடி தர்காவின் அருகே சங்கிலியால் பிணைத்து வைக்கப்பட்டிருந்த நோயாளிகள் 28 பேர் கொட்டகை தீப்பற்றியபோது ஓட முடியாமல் மாண்டார்கள். தெய்வ சந்நிதியின் பக்கத்தில் இருந்ததனாலேயே ஓர் இடம் கருணையுடையதாகிவிடாது என்பதற்கு அதைவிடக் கொடிய சாட்சி வேண்டியதில்லை. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் வெளிப்படையாகவே தடுக்கிறது. ஆகவே நம்பிக்கையை ஒழிக்க வேண்டும் என்பாரும், நம்பிக்கையே போதும் என்பாரும் ஒருங்கே பிழைபடுகிறார்கள்.

இவ்வட்டாரத்தின் மற்றொரு பெருந்தெய்வம் திரௌபதி. பாரதம் படித்து, கூத்தாடி, படுகளம் விழுந்து, தீமிதித்து முடியும் அவள் விழாவில், சபையில் அவமானப்பட்ட ஒரு பெண்ணின் சபதம் ஆண்டுதோறும் ஊரார் கண்முன் நிறைவேறுகிறது. அவளுக்குக் காவல் நிற்கும் தெய்வங்களுள் ஒருவர் முத்தாலு ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரர். செஞ்சியை ஆண்ட மதங்கள் ஒன்றோடொன்று சண்டையிட்ட காலத்தில் குடியானவனின் கோயிலில் அவை அருகருகே நின்றன. கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கப்பலேறிய தமிழர் மொரீஷியஸுக்கும் ரீயூனியனுக்கும் பிஜித் தீவுக்கும் இந்தத் தீமிதியைக் கூடவே கொண்டுபோனார்கள். எண்ணும் பேரேட்டு இலக்கமுமாக நடத்தப்பட்ட இடத்தில், ஆண்டுக்கொரு நாள் விரதமிருந்து நெருப்பில் நடந்தவனை எந்தக் கங்காணியும் கை நீட்டித் தொட முடியவில்லை. கூவாகத்தில் சித்திரைப் பௌர்ணமியில் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து ஒப்பாரி வைக்கும் திருநங்கையர் கதையும் இதே பாரதத்தின் கிளைதான். குடும்பம் துரத்திய ஒருவருக்கு மனைவி என்ற உறவையும் அழுவதற்கு உரிமையையும் ஒரே நாளில் கொடுத்த தெய்வம் கூத்தாண்டவர். ஆனால் நல வாரியம் 2008இலும், மூன்றாம் பாலினத்தவரை அங்கீகரித்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பு 2014 ஏப்ரலிலும் வந்தன என்றால், அவை அரவானின் வரத்தால் மட்டும் வந்தவை அல்ல. அந்தத் திருவிழாவில் ஆண்டாண்டாகக் கூடிக்கூடித் தம் எண்ணிக்கையை உணர்ந்தவர்கள், திரும்பிப் போய் மனு எழுதி, வழக்காடியதால் வந்தவை.

இவ்வுண்மை இன்னும் துலக்கமாகத் தெரிவது இருளரிடத்தில். பழங்குடி என்ற சொல்லுக்கு இவ்வட்டாரத்தில் முழு உரிமை உடையவர்கள் அவர்களே. 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி தமிழ்நாட்டில் சுமார் 1 லட்சத்து 89 ஆயிரம் பேர். செஞ்சி, திண்டிவனம் வட்டங்களில் ஏரிக்கரையிலும் புறம்போக்கிலும் நாலைந்து குடிசைகளாகச் சிதறிக் கிடக்கும் இவர்களைச் செங்கற்சூளையும் அரிசி ஆலையும் முன்பணம் கொடுத்துக் கட்டிப்போட்டிருக்கின்றன. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இலேயே வந்தும் நிலை இதுவே. எங்கே திருட்டு நடந்தாலும் முதலில் பிடித்துச் செல்லப்படுபவர்கள் இவர்கள்தாம். இவர்களுடைய தெய்வங்கள் கன்னிமார்; மரத்தடியில் நட்ட ஏழு கற்கள் போதும், கோயில் தேவையில்லை. இருக்கும் இடமே நிலையில்லாத மனிதருக்குச் சுமந்து செல்ல வேண்டாத தெய்வம்!

மாசிப் பௌர்ணமியை ஒட்டி இவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் திரளுகிறார்கள். புடவைகளையே கூடாரமாகக் கட்டி, இரவெல்லாம் அங்கேயே சமைத்து உண்டு, விடியற்காலையில் ஈரமணலில் ஏழு படி அமைத்துக் கன்னியம்மாளைக் கடலிலிருந்து அழைக்கிறார்கள். கோபித்துக்கொண்டு கடலுக்குள் போய்விட்ட தாயை மீண்டும் கரைக்கு வரும்படி வேண்டுவதாக ஐதீகம். பிள்ளைகளுக்கு முடியெடுப்பதும் காது குத்துவதும் பெண் பார்ப்பதும் கல்யாணம் முடிப்பதும் எல்லாம் அந்த மணலிலேயே நடந்துவிடுகின்றன. சூளை முதலாளியிடம் வாங்கிய கடன் தீராதவன்கூட அந்த ஒரு இரவுக்காக எப்படியாவது வந்து சேர முயல்கிறான். பல்லவர் சிற்பத்தைக் காண வரும் உல்லாசப் பயணிகளுக்கு இந்தக் கூட்டம் ஒரு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆண்டு முழுவதும் ஒருவனுக்குக் கடன்பட்ட கூலியாகவே எண்ணப்பட்டவன், அங்கேதான் தனக்கு மாமனும் மச்சானும் குலமும் உண்டென்று காண்கிறான்.

அவர்களுடைய வைத்திய ஞானத்துக்கும் ஒரு விசித்திரமான கதை உண்டு. பாம்பு பிடிப்பது அவர்களுடைய பரம்பரைத் தொழில். 1972இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் தொடர்ந்து பாம்புத்தோல் வியாபாரம் நின்று வயிற்றுக்கு வழியற்றுப்போனபோது, 1978இல் வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை ஆகிய நான்கின் விஷத்தை எடுத்துவிட்டு அவற்றை மீண்டும் காட்டில் விடுவது அச்சங்கத்தின் முறை. இந்தியாவில் தயாராகும் பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருள் பெரும்பகுதியும் இவர்கள் கையிலிருந்து போகிறது. 2023இல் இச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. தங்களைத் தீண்டத் தயங்கும் தேசத்தின் உயிரை இவர்கள் காக்கிறார்கள். அப்படியிருந்தும் இவர்களுடைய பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் வாங்க வட்டாட்சியர் அலுவலகத்தில் பல ஆண்டுகள் நடக்க வேண்டியிருக்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று வளர்த்த பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம், பொய்வழக்குகளையும் காவல்நிலையக் கொடுமைகளையும் கொத்தடிமைத்தனத்தையும் எதிர்த்துப் பல ஆண்டுகளாகப் போராடி வருகிறது. கன்னியம்மாள் அவர்களைக் கூட்டினாள். சங்கம் அவர்களைப் பேசவைத்தது.

இத்தனையும் சொன்ன பிறகு, சொல்ல மனமில்லாத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். எளியவரின் தெய்வம் அவரினும் எளியவரைக் கை நீட்டி வரவேற்கும் என்று எண்ணினால் ஏமாந்துபோவோம். இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதியில், திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நுழைந்த தலித் இளைஞர்கள் 2023 ஏப்ரலில் தாக்கப்பட்டார்கள். சமரசம் பலிக்காமல் ஜூன் மாதத்தில் அதிகாரிகள் அக்கோயிலைப் பூட்டிச் சீல் வைத்தார்கள். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்பேரில்தான் அது பூசைக்குத் திறக்கப்பட்டது. சென்னை மாகாணத்தின் ஆலயப் பிரவேசச் சட்டம் வந்தது 1947இல். சபையில் துகிலுரியப்பட்டவளின் கோயிலில், அவமானப்பட்டவனுக்கு இடமில்லை என்று சொன்னவர்களும் பாட்டாளிகளே. மேல்சாதியின் ஆகமக் கோயில் ஒருவனை வெளியே நிறுத்தும்போது அதை அநீதி என்று உணர்கிற அதே மனம், தன் ஊர்க் கோயிலில் தான் மற்றொருவனை நிறுத்தும்போது அதைச் சம்பிரதாயம் என்கிறது. நாட்டார் தெய்வங்களைப் பற்றி இந்நாளில் எழுதப்படும் பல கட்டுரைகள், அவை யாவும் ஆதிக்கத்துக்கு எதிரானவை என்று பொதுப்படையாகப் புகழ்ந்துவிட்டு இந்த இடத்தில் மௌனமாகிவிடுவதை நான் ஒப்புக்கொள்ள முடியாது.

ஆதலால் என் முடிபு இது. புற்றுமண்ணும் பம்பையும் படுகளமும் கடற்கரை மணலும் காயம்பட்டவனை நிமிர்ந்து உட்காரவைக்கின்றன. தன்னைப்போல் காயம்பட்டவர் எத்தனை பேர் என்று அவனுக்குக் காட்டுகின்றன. அவன் சொல்லை மற்றவர் கேட்கும்படி ஒரு வேளையை அமைத்துக் கொடுக்கின்றன. கூலியையும் நிலத்தையும் சான்றிதழையும் கோயில் நுழைவையும் பெற்றுத் தருவது அவற்றின் வேலை அன்று. அது சங்கத்தின், சட்டத்தின், நீதிமன்றத்தின் வேலை. ஆனால் முன்னது நிகழாத இடத்தில் பின்னதற்கு ஆட்கள் சேர்வதில்லை என்பதைச் சங்கம் நடத்துவோர் நன்கு அறிவர்.

மேல்மலையனூருக்கு அமாவாசைதோறும் சிறப்புப் பேருந்துகளை விடும் அரசு, அதே இரவில் கோயிலுக்கு அருகே மனநல மருத்துவர் ஒருவரையும் பெண் ஆற்றுப்படுத்துநர் ஒருவரையும் அமர்த்தினால் போதும். பூசாரியோடு சண்டையிட வேண்டியதில்லை, அவரிடம் வருவோரை அடித்தலும் கட்டுதலும் இல்லாமல் காத்தால் சரி. செஞ்சி, விழுப்புரம், திருவண்ணாமலைக் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் கற்பிப்போருக்கும் ஒரு வேண்டுகோள்: இவ்வட்டாரத்துப் பம்பைக்காரர்களில் முதியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள், பூவாடைக்காரி அழைப்பின் பாட்டுகளை முழுதும் அறிந்தவர்கள் அவர்களே. பேய் பிடித்தது என்று அழைத்துவரப்பட்டு, பிள்ளை பெற்று, பேரன் பேத்தி கண்டுவிட்ட பெண்களும் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். அந்த இரவில் தங்களுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் பூசாரியிடமோ கணவனிடமோ கேட்காமல், அந்தப் பெண்களிடமே போய்க் கேட்டு, அவர்கள் சம்மதித்த அளவில் எழுதி வையுங்கள்.